பூட்டுக்குள் ஒரு துண்டு

அத்தியாயம் 5

எங்கள் துப்பறியும் ஆபீஸ் மேஜையின் கீழ் இழுப்பறைச் சாவியை நான்தான் தொலைத்தேன் என்று கலைமகள் மேடம் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்த இளைஞன் பூட்டிக் கிடந்த இழுப்பறையைப் பார்த்துவிட்டு, "திறக்கட்டுமா மேடம்? நீங்க சரின்னா மட்டும்" என்று கேட்டான்.

மேடம் தலையசைத்தார். அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுப் பட்டைகளை எடுத்தான். பஸ் வைப்பருக்குள் வரும் பட்டையை அராவிச் செய்ததாம். ஒன்றைப் பூட்டின் வாயில் வைத்து லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். மற்றதை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதையோ தடவினான். நான் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் இழுப்பறை திறந்துகொண்டது. உள்ளே அரைப் பாக்கெட் முறுக்கும், திருடு போனதாக நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த என் மூக்குக் கண்ணாடியும் இருந்தன.

"தம்பி, அப்படியே எங்க வீட்டுக்கும் ஒரு நடை வாங்க. பர்வின் பீரோ சாவியை எங்க வெக்கிறாங்கிறது கல்யாணத்துலேருந்தே எனக்கு மர்மம்" என்றேன்.

"அவங்க கூப்பிட்டா வரேன் சார். பூட்டுக்கு உரியவங்க கேக்கணும். இல்லாட்டி தொட மாட்டேன்."

சிரிக்காமல்தான் சொன்னான். சிரிக்கும் நிலையில் அவன் இல்லை.

பெயர் சூர்யபிரகாஷ். வடக்குமங்கலத்துக்காரன். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா அம்மா இல்லை, தனியாக இருக்கிறான். சின்னச் சின்னப் பூட்டுகளைச் சாவி இல்லாமல் திறப்பது அவனுடைய பொழுதுபோக்கு. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் பூட்டு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து திறப்பான். சிலர் குறுக்கெழுத்துப் போடுவதில்லையா, அந்த மாதிரி.

கூட வந்தவர் வீரையன். அவனுக்குப் பெரியப்பா மகன், நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பச்சைத் துண்டு, வெயிலில் கறுத்த முகம். தம்பியின் முதுகில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் மேடம். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் பயிர்க் காப்பீட்டில் பொய்க் கணக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் அவர். காய்ந்த வயலைக் காட்டி அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் முகத்தையும் நம்பாத பழக்கம் வந்துவிட்டது. என் முகத்தையும் சேர்த்துத்தான்.

சூர்யா சொன்னான். "எங்க பங்காளிகளுக்கெல்லாம் குலதெய்வம் செல்லியம்மன். அம்மன் நகைப் பெட்டி வருஷத்துக்கு ஒரு வீட்ல இருக்கும். சாவி இன்னொரு வீட்ல இருக்கும். பெட்டி இருக்கிற வீட்டுக்குச் சாவி கிடையாது, சாவி இருக்கிற வீட்டுக்குப் பெட்டி கிடையாது."

"எங்க வீட்லயும் அதே ஏற்பாடுதான். ரிமோட் என்கிட்ட, பேட்டரி பர்வின்கிட்ட" என்றேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

"இந்த வருஷம் பெட்டி என் வீட்ல. சாவி அகிலாண்டம் அத்தை வீட்ல. நேத்து ஆடிக் கடைசி வெள்ளி. எல்லார் முன்னாடியும் அத்தை சாவி போட்டுத் திறந்தாங்க. உள்ள பட்டு மூட்டை இருந்துச்சு, அவுத்தா அம்மனோட பச்சைக்கல் பதக்கத்தைக் காணோம். மத்த நகையெல்லாம் இருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல என்னைத்தான் பார்த்தாங்க மேடம். ஊர்ல யாரு சாவி தொலைச்சாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. ரேஷன் கடை பூட்டு, பசங்க சைக்கிள் பூட்டு எல்லாம் திறந்து குடுத்திருக்கேன். கை தட்டுவாங்க. நேத்து அதே கையைக் காட்டித் திருடன்னாங்க."

"அப்புறம் பூட்டைப் பார்த்தா அதுக்குள்ள கம்பித் துண்டு" என்றார் வீரையன் வருத்தத்தோடு. "இவன் வெச்சிருக்கிற மாதிரி பட்டையோட நுனி. உடைஞ்சு உள்ளயே நிக்குது. அதைப் பார்த்ததும் உத்திராபதி சித்தப்பா சத்தம் போட்டுப் புகாரே எழுதிட்டாரு. சாயங்காலம் கோயில்ல கூடி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனுக்குப் போறாங்களாம்."

"கேஸ் ஆனா ஸ்கூல்ல நிக்க விட மாட்டாங்க" என்றான் சூர்யா. "அதுகூடப் பரவாயில்லை. இனிமே கோயில் படி ஏறாதேன்னுட்டாங்க. பொறந்ததுலேருந்து என்னைத் தூக்கி வளர்த்தவங்க. வீரையண்ணன் ஒருத்தர்தான் என் பக்கம் நின்னாரு."

வீரையன் மடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னப் பித்தளைப் பூட்டை எடுத்து மேஜையில் வைத்தார். திறந்தே இருந்தது. எலுமிச்சம்பழ அளவுதான். சாவித் துவாரத்தில் எஃகு நுனி ஒன்று மினுங்கியது.

"எவனாவது இதுல எதையாவது பண்ணித் தம்பியைச் சிக்க வெச்சிடக் கூடாதுன்னு, திறந்த நிமிஷத்துலேருந்து நான்தான் மடியில வெச்சிருக்கேன். கேட்டவங்களுக்கு என் கையில வெச்சே காட்டினேன். யார்கிட்டயும் குடுக்கலை" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "நான் யாரையும் குத்தம் சொல்லலைங்க. ஆனா சாவி யாரு வீட்ல இருந்துச்சுன்னு ஒரு கேள்வி இருக்குல்ல" என்றும் சொன்னார்.

மேடம் பூட்டைக் கைக்குட்டையோடு எடுத்துக்கொண்டார்.

"சாயங்காலம் கோயிலுக்கு வரேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம். ஹாஜா, வண்டியை எடு."

திருவையாறு தாண்டியதும் இரண்டு பக்கமும் குறுவை கதிர் பிடித்து நின்றது. ஸ்கூட்டரின் பின்னால் மேடம் உட்கார்ந்திருந்தார். நான் அகிலாண்டத்தைக் குற்றவாளியாக்கி, தண்டனையும் கொடுத்து, மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்திருந்தேன்.

நேரில் பார்த்ததும் தீர்ப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. அகிலாண்டம் டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர். நாங்கள் போனபோது டிரைவரை நிற்க வைத்து விளாசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் விளாசல் எங்கள் பக்கம் திரும்பியது.

"நான் எடுத்தேன்னு வீரையன் சொன்னானா? பெட்டி அந்தத் தெருவுல, நான் இந்தத் தெருவுல. சாவியை வெச்சுக்கிட்டு நான் என்ன காத்தையா திறக்கிறது?"

"கோவப்படாதீங்கம்மா. நேத்து சாவி போட்டப்ப எப்படித் திறந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் மேடம்.

"எப்படித் திறந்துச்சுன்னா? சூர்யா பூட்டைப் பிடிச்சுக்கிட்டான், நான் சாவியை விட்டேன். ஒரே திருப்பு, திறந்துக்கிச்சு. எண்ணெயெல்லாம் போட்டு நல்லா வெச்சிருந்தான் புள்ள. அதுல குறை சொல்ல முடியாது."

மேடம் கைக்குட்டையைப் பிரித்து, பூட்டை நீட்டினார். "இப்ப ஒரு தடவை விடுங்க. மெதுவா."

கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தொங்கிய சாவியை அகிலாண்டம் உள்ளே விட்டார். பாதி போய் நின்றது. அழுத்திப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அந்த அம்மாளின் முகத்தில் கோபம் போய்க் குழப்பம் வந்தது.

"நேத்து போச்சே."

"நேத்து பூட்டு பசியில இருந்திருக்கும். இப்ப சாப்பிட்டுட்டு வயிறு நிறைஞ்சிருக்கு" என்றேன் வழக்கம்போல. சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. துண்டு உள்ளே இருந்தால் சாவி போகாது. நேற்று சாவி போயிருக்கிறது. அப்படியானால் பெட்டியைத் திறந்தபோது பூட்டுக்குள் துண்டே இல்லை.

"மேடம்," என்றேன். "துண்டு அதுக்கப்புறம் வந்து சேர்ந்திருக்கு."

"பரவாயில்லையே" என்றார் மேடம். அவர் என்னைப் பாராட்டுவது அபூர்வம் என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன். பிறகு அகிலாண்டத்திடம், "போன வருஷம் பெட்டியைப் பூட்டினது எப்படிம்மா?" என்று கேட்டார்.

"எப்பவும் போலத்தான். திருவிழா முடிஞ்சதும் அந்த வருஷத்துப் பெட்டிக்காரன் திரை போட்டு அம்மன் நகையைக் கழட்டுவான். பட்டுல வெச்சு மூட்டையாக் கட்டி எடுத்துட்டு வந்து பெட்டியில வெப்பான். புதுசா எடுத்துக்கிறவன் பூட்டை அமுக்குவான். சாவி புதுச் சாவிக்காரர் வீட்டுக்குப் போயிடும். போன வருஷம் எனக்கு வந்துச்சு."

"மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு எடுத்துக்கிறவர் பார்க்க மாட்டாரா?"

அகிலாண்டம் மேடத்தை ஒரு மாதிரி பார்த்தார். "பங்காளி கட்டிக் குடுத்த மூட்டையை அவுத்துப் பார்ப்பாங்களாம்மா? நீ எடுத்திருப்பேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆகாது? அப்படிப் பார்த்தவன் எங்க வகையறாவுலயே இல்லை."

போன வருஷத்துப் பெட்டிக்காரர் யார் என்று மேடம் கேட்டார். அகிலாண்டம் பெயரைச் சொன்னார். நான் அப்போது ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. கேட்டதற்கு மேடம் சொல்லவும் மறுத்துவிட்டார்.

"உத்திராபதிதானே? அவருதான் அதிகமா சத்தம் போட்டவரு. ஸ்டேஷனுக்கு அவசரப்பட்டதும் அவருதான்" என்றேன்.

"சத்தம் போட்டவர் பூட்டைத் தொட்டாரா? காலையில ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னதை நல்லா யோசி."

"நான் சொன்னதையா?"

"நீ சொன்னதை யாராலயும் யோசிக்க முடியாது. வண்டியை ஓட்டு."

கோயில் முன்னால் போட்டிருந்த தகரப் பந்தலில் ஆண்களும் பெண்களுமாக முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில், நாலாக மடித்த புகாரோடு உத்திராபதி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, விறைப்பான மனிதர். சூர்யா பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றான். அவனோடு வீரையன் மட்டும் நின்றார். ஒருத்தரும் அவனுக்கு ஒரு நாற்காலி போடவில்லை. எனக்குப் போட்டார்கள்.

மேடம் நேராக வீரையனிடம் போனார். "காலையில எங்கிட்ட சொன்னீங்களே, பூட்டு யார்கிட்ட இருந்துச்சுன்னு, அதை இங்க ஒரு தடவை சொல்லிடுங்க."

"என்கிட்டத்தான்" என்றார் வீரையன், எல்லோருக்கும் கேட்கும்படி. "திறந்த நிமிஷத்துலேருந்து என் மடியிலதான் இருந்துச்சு. யார் கையிலயும் குடுக்கலை. தம்பிக்காகத்தான்."

"உண்மையாங்க?" என்று மேடம் கூட்டத்தைக் கேட்டார். ஆமாம் என்றார்கள். அகிலாண்டம் முன்னால் வந்தார். யாரும் எதுவும் சொல்லாமலே சாவியைப் பூட்டில் விட்டுக் காட்டினார். அது பாதியில் நின்றது. நேற்று முழுசாகப் போன சாவி இன்று ஏன் போகவில்லை என்று மேடம் கேட்டார். பதில் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு பெண், "அப்ப கம்பி பின்னாடிதானே போயிருக்கு" என்றாள்.

அத்தனை தலைகளும் வீரையன் பக்கம் திரும்பின.

"இல்ல" என்றான் சூர்யா. "மேடம், அண்ணனை இழுக்காதீங்க. வேற எப்படியாவது நடந்திருக்கும். எனக்கு இருக்கிறதே அவருதான்."

மேடம் அவனிடம் பூட்டைக் கொடுத்தார். "அந்தத் துண்டை நீங்களே எடுங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்து, கவனமாக நுனியைப் பிடித்து இழுத்தான். துண்டு உள்ளங்கையில் விழுந்தது. அதைப் புரட்டிப் பார்த்தான். மறுபடி புரட்டினான்.

"இது எப்ப உடைஞ்சது?" மேடத்தின் குரல் தணிந்திருந்தது.

"சித்திரையில" என்றான் கடைசியாக. "அண்ணனோட மோட்டார் ஷெட் சாவி வாய்க்கால்ல விழுந்திடுச்சு. மும்முனைக் கரண்ட் வந்துட்டுப் போயிடும், நாத்தங்கால் காஞ்சிடும்னு என் வகுப்புக்கே ஓடி வந்தாரு. லீவு சொல்லிட்டுப் போய்த் திறந்தேன். அது துருப்பிடிச்ச பூட்டு, அதுல நுனி உடைஞ்சு கீழ விழுந்திடுச்சு. இந்தக் கொக்கி வளைவு நான் ஒண்ணுலதான் போட்டுப் பார்த்தேன்." அவன் வீரையனைப் பார்க்காமல் துண்டையே பார்த்தான். "மாட்டு காலுல குத்திடும், நான் பொறுக்கிப் போடுறேன்னு நீங்கதானே அண்ணே எடுத்தீங்க."

வீரையன் தோளில் கிடந்த பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்துலேருந்து எல்லாரும் பூட்டைத் திறந்தது யாருன்னு கேக்கறீங்க" என்றார் மேடம். "யாருமே திறக்கலை. சூர்யா பூட்டை அமுக்கினப்பவே பதக்கம் பெட்டியில இல்லை. போன வருஷம் திரைக்குள்ள நகையைக் கழட்டி, மூட்டை கட்டினவர் அதை உள்ள வெக்கவே இல்லை. நீங்க அவுத்துப் பார்க்க மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும். பூட்டு ஒழுங்கா இருந்தா உங்க சந்தேகம் மூட்டை கட்டினவர்மேல வரும். யாரோ நெம்பித் திறந்த மாதிரி காட்டிட்டா சூர்யா மேல வரும். போன வருஷம் மூட்டை கட்டினது யாரு?"

அது யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது.

வீரையன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். மகனைச் சிங்கப்பூர் அனுப்ப ஏஜென்ட் அவசரப்படுத்தினான், அடகு வைத்தேன், அடுத்த திருவிழாவுக்குள் மீட்டுவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை என்றார். அதற்குமேல் அழுகையில் ஒன்றும் புரியவில்லை.

சூர்யா அவர் எதிரில் போய்க் குந்தினான். "கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்லண்ணே. சரி, எடுத்தீங்க. அதை ஏன் என் தலையில போட்டீங்க?"

"வேற யார் மேல போட்டிருந்தாலும் என்னைச் சந்தேகப்பட்டிருப்பாங்கடா" என்றார் வீரையன். "நீ மட்டும் சந்தேகப்பட மாட்டேன்னு தெரியும்."

இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ வாக்குமூலம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கை நீட்டி அடிக்கலாமா என்று தோன்றியது. மேடம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உத்திராபதி எழுந்தார். தொண்டையைச் செருமினார். "சரி, ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிட்டான். பதக்கத்தை மீட்டு வெச்சிடட்டும். ஸ்டேஷன் கீஷன்னு போனா நம்ம வகையறாவுக்குத்தான் அசிங்கம். சூர்யா, நீ படிச்ச புள்ள, பெருந்தன்மையா விட்டுடு. என்ன இருந்தாலும் வீரையன் நம்ம வீட்டுப் புள்ள" என்றார். பந்தலில் பல தலைகள் ஆமாம் போட்டன. ஒருவர் அவசரமாக ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து சூர்யாவுக்குப் போட்டார்.

சூர்யா அதில் உட்காரவில்லை.

"நேத்து நான் யாரு வீட்டுப் புள்ள சித்தப்பா?" என்று கேட்டான்.

உத்திராபதி வேறு பக்கம் பார்த்தார். அகிலாண்டம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சூர்யா கையை நீட்டினான். "அந்தப் புகாரைக் குடுங்க. புதுசா எழுத வேண்டாம். நீங்க எழுதினதே நல்லாத்தான் இருக்கும். பேரை மட்டும் மாத்திக்கறேன்."

யாரோ அவன் தோளைத் தொட்டுச் சமாதானம் சொல்லப் பார்த்தார்கள். அவன் நகர்ந்துகொண்டான். உத்திராபதி கொஞ்ச நேரம் காகிதத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கொடுத்துவிட்டார்.

ஸ்டேஷனில் வேலை முடிந்து வெளியே வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஊருக்குத் திரும்ப வேண்டுமே என்று நான் அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். மேடம் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். வழியில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். அன்றைக்கு எனக்கே ஒன்றும் வரவில்லை.

கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடை முன்னால் நிறுத்தச் சொன்னான். உள்ளே போய் வாசற்கதவுக்குப் பூட்டு கேட்டான். கடைக்காரர் நாலைந்து எடுத்துப் போட்டார். அவன் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து ஒதுக்கினான்.

"இதெல்லாம் நானே திறந்திடுவேன். இன்னும் நல்லதாக் காட்டுங்க."

"உங்க வீட்ல இப்ப என்ன பூட்டு போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன், பேச்சுக் கொடுக்கத்தான்.

"பூட்டினதில்லை சார்" என்றான். "அண்ணன் நினைச்ச நேரம் வருவாரு. நான் இல்லாட்டியும் சோறு போட்டுச் சாப்பிட்டுட்டுப் போவாரு."

கடைக்காரர் உள்ளேயிருந்து கனமான பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சூர்யா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு இதுவே இருக்கட்டும் என்றான். அவர் துணியால் துடைத்து, இரண்டு சாவிகளையும் தனித்தனியாக எடுத்து நீட்டினார்.

"ஒண்ணை நீங்க வெச்சுக்குங்க தம்பி. ஒண்ணை நம்பிக்கையானவங்ககிட்ட குடுத்து வைங்க. அவசரத்துக்கு ஆகும்."

சூர்யா இரண்டு சாவிகளையும் வாங்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான்.